டைமர்: ஒரு சொல், பல வேலை

(மின்னியல் துறை, மூன்றாம் ஆண்டு மாணவன்)



பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படிக்கிற ஒருவன் 'டைமர்' என்ற சொல்லை எத்தனை தடவை கேட்கிறான் என்று எண்ணிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மெஷின்ஸ் லேபில் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டருக்குள் ஒரு டைமர். எலக்ட்ரானிக்ஸ் லேபில் 555 டைமர். மைக்ரோ கன்ட்ரோலர் பாடத்தில் டைமர் 0, டைமர் 1. பி.எல்.சி. பாடத்துக்குப் போனால் அங்கேயும் இரண்டு மூன்று டைமர் காத்திருக்கிறது. ஆனால் வைவாவில் "டைமர் என்றால் என்னப்பா?" என்று கேட்டால், "டைம் பார்க்கிறது சார்" என்பதோடு முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுகிறோம்.

டைம் பார்ப்பது கடிகாரம். வள்ளியூர் ரயிலடிக் கடிகாரம் மணி என்ன என்று சொல்லும். சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வண்டி வந்ததா, நாம் ஏறினோமா என்பதெல்லாம் அதற்குக் கவலை இல்லை. டைமருக்கோ மணி என்ன என்றே தெரியாது. காலையா ராத்திரியா என்றும் தெரியாது. "இப்போது தொடங்கு" என்று யாராவது சொல்லவேண்டும். அந்த நொடியிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது மட்டும் அதற்குத் தெரியும். சொன்ன நேரம் ஆனதும் ஒரு காரியத்தைச் செய்யும். ஒரு காண்டாக்டைத் திறக்கும், அல்லது மூடும். தொடக்கம், அளவு, காரியம் ஆகிய மூன்றும் இருந்தால்தான் டைமர்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. தெருவிளக்குக் கம்பத்துப் பெட்டியில் இருப்பதையும் டைமர் என்றுதான் சொல்கிறோம். அது மாலை ஆறரைக்குப் போட்டு, காலை ஆறு மணிக்கு அணைக்கும். அதாவது கடிகாரத்தோடு ஒரு சுவிட்சைக் கட்டி வைத்தது. அதற்குச் சரியான பெயர் டைம் சுவிட்ச். பேட்டரி இல்லாத பழைய வகையாக இருந்தால், கரண்ட் போன நேரமெல்லாம் உள்ளே இருக்கும் கடிகாரம் நின்றுவிடும். நாலு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் நாலு மணி நேரம் பின்தங்கிப்போகும். காலை பத்து மணிக்குத் தெருவிளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்தால் பஞ்சாயத்தை மட்டும் திட்டாதீர்கள், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஆங்கில அகராதியைப் புரட்டினால் 'டைமர்' என்பதற்குக் கருவி மட்டும் அல்ல, ஆளும் பொருள். நேரம் அளக்கிற மனிதனும் டைமர்தான். ஓட்டப் பந்தயத்தில் முடிவுக் கோட்டருகே ஸ்டாப் வாட்சை வைத்துக்கொண்டு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் மில்கா சிங் 400 மீட்டர் ஓடினாரே, அதில் கையில் பிடித்த வாட்ச் காட்டியது 45.6 விநாடி. தானியங்கிக் கருவி காட்டியது 45.73. ஓடியது ஒரே ஓட்டம்தான். துப்பாக்கிப் புகையைப் பார்த்து மூளைக்குச் சேதி போய், விரல் அமுக்குவதற்குள் ஒரு நொடியின் சிறு பங்கு போய்விடுகிறது. அதனால் கை வாட்ச் எப்போதும் கொஞ்சம் குறைவாகவே காட்டும். 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் வெண்கலத்தை இழந்தது நூறில் ஒரு பங்கு விநாடியில். 55.42-க்கும் 55.41-க்கும் உள்ள வித்தியாசம். கை வாட்சை நம்பியிருந்தால் யார் மூன்றாவது, யார் நாலாவது என்றே சொல்லியிருக்க முடியாது.

நம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து பஸ்கள் வருவதையும் புறப்படுவதையும் குறிக்கும் டைம் கீப்பரும் இந்த இனம்தான். இரண்டு பஸ்காரர்கள் "என் டைமிங்கில நீ எப்படி ஆள் ஏத்தலாம்?" என்று சண்டை போடும்போது தீர்ப்புச் சொல்வது அவர்தானே. 'பார்ட் டைமர்', 'ஓல்ட் டைமர்' என்று ஆளைக் குறிக்கிற சொற்களும் இருக்கின்றன. அவை நம் சப்ஜெக்ட் இல்லை.

நேரத்தை அளந்து காரியம் செய்வது நமக்குப் புதிதும் அல்ல. பத்துப்பாட்டில் ஒன்றான முல்லைப்பாட்டில், பாசறையில் இருக்கும் அரசனுக்கு நீரால் நாழிகை அளந்து பொழுது சொல்கிறவர்கள் வருகிறார்கள். அந்தக் கருவிக்குக் கன்னல் என்று பெயர். பிற்காலத்து நாழிகை வட்டில் இன்னும் எளிது: அடியில் ஊசித்துளை போட்ட ஒரு செப்புக் கிண்ணம். தண்ணீரில் மிதக்க விட்டால் மெல்ல நிரம்பி, ஒரு நாழிகையில், அதாவது 24 நிமிடத்தில் மூழ்கும். மறுபடி எடுத்து மிதக்க விடவேண்டும். ஒரு நாளைக்கு அறுபது தடவை. இதைப் படித்தபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது 555 ஐ.சி.தான். வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இரண்டும் வேலை செய்கிற விதம் ஒன்றே.

555-ஐ 1971-இல் ஹான்ஸ் கேமன்சிண்ட் என்பவர் சிக்னெடிக்ஸ் கம்பெனிக்காக வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் நம் லேபில் எட்டுக் காலோடு உட்கார்ந்திருக்கிறது. இதில் கிண்ணத்துக்குப் பதில் ஒரு கப்பாசிட்டர். ஊசித்துளைக்குப் பதில் ஒரு ரெசிஸ்டர். ரெசிஸ்டர் வழியாகக் கப்பாசிட்டருக்குள் சார்ஜ் மெல்ல மெல்ல ஏறுகிறது. சப்ளை வோல்டேஜில் மூன்றில் இரண்டு பங்கு ஏறியதும் உள்ளே இருக்கும் கம்பாரேட்டர் "போதும்" என்கிறது, அவுட்புட் மாறுகிறது, கப்பாசிட்டர் காலியாகிறது. கிண்ணம் மூழ்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை மட்டும் வேலை செய்யும் மோனோஸ்டேபிள் இணைப்பில் நேரம் = 1.1 × ரெசிஸ்டர் × கப்பாசிட்டர். ஒரு மெகா ஓமும் பத்து மைக்ரோ ஃபாரடும் போட்டால் பதினோரு விநாடி. துளையைச் சிறிதாக்கினால் கிண்ணம் மூழ்க நேரமாகும். ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் டைமர் நீளும். இந்தச் சூத்திரத்தை மனப்பாடம் செய்யவே வேண்டியதில்லை. (உள்ளே மூன்று 5 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதால்தான் 555 என்று பெயர் என்பார்கள். வடிவமைத்தவரே அது காரணமில்லை, சும்மா வைத்த எண் என்று சொல்லியிருக்கிறார். வைவாவில் கேட்டால் கவனம்.)

மைக்ரோ கன்ட்ரோலரில் வரும் டைமர் வேறு வழியில் போகிறது. அது நிரம்புவதில்லை, எண்ணுகிறது. 8051-இல் 12 மெகா ஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்டால் ஒரு மெஷின் சைக்கிள் ஒரு மைக்ரோ விநாடி. பதினாறு பிட் ரெஜிஸ்டர் ஒவ்வொரு மைக்ரோ விநாடிக்கும் ஒன்று ஏறி, 65,536 ஆனதும் மீண்டும் பூஜ்யத்துக்கு வந்து ஒரு கொடியைத் தூக்குகிறது. அப்படியானால் ஒரே மூச்சில் அதனால் அளக்க முடிந்தது 65 மில்லி விநாடி சொச்சம்தான். ஒரு விநாடி வேண்டுமென்றால்? 15,536 என்று முதலிலேயே ஏற்றிவிட்டுத் தொடங்கினால் மீதி 50,000 மைக்ரோ விநாடி. அதை இருபது தடவை செய்தால் ஒரு விநாடி. நாழிகை வட்டிலை அறுபது தடவை எடுத்து மிதக்கவிட்டது போலத்தான் இதுவும்.

இங்கே எல்லோரும் குழம்புகிற ஓர் இடம், அதே ரெஜிஸ்டரைப் புத்தகம் 'டைமர்/கவுண்டர்' என்று சேர்த்துச் சொல்வது. அம்மா குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு பீடித் தட்டோடு வாசலில் உட்கார்ந்துவிடுவாள். அங்கிருந்தே, "எலே, எத்தன விசில் ஆச்சுல?" என்று குரல் வரும். விசிலை எண்ணுவது கவுண்டர். விசில் எப்போது வரும் என்று யாருக்கும் நிச்சயம் இல்லை. வரும்போது ஒன்று கூட்டவேண்டும். மூன்றாவது விசிலுக்குப் பிறகு "அஞ்சு நிமிஷம் சிம்ல வை" என்பாள் பாருங்கள், அது டைமர். வெளியிலிருந்து வரும் துடிப்பை எண்ணினால் கவுண்டர். ஒரே சீராக அடிக்கும் தன் சொந்தத் துடிப்பை எண்ணினால் டைமர். எண்ணுகிற பெட்டி ஒன்றே.

பி.எல்.சி.யிலும் ரிலே பேனலிலும் நாம் கட்டாயம் கேட்கவேண்டிய கேள்வி, 'ஆன் டிலே'யா 'ஆஃப் டிலே'யா என்பது. சப்ளை கொடுத்துக் கொஞ்ச நேரம் கழித்து வேலை செய்வது ஆன் டிலே. சப்ளையை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் வேலை செய்துவிட்டு நிற்பது ஆஃப் டிலே. ஆஃப் டிலேக்கு மாடிப்படி விளக்கு உதாரணம்: பட்டனை விட்டபின் நாம் மேலே போய்ச் சேரும்வரை எரியும். ஆன் டிலேக்கு நம் தோட்டத்து மோட்டாரே உதாரணம். ராத்திரி மும்முனை மின்சாரம் வரும் நொடியில், ஆட்டோ சுவிட்ச் வைத்த கிணறுகளிலெல்லாம் ஒரே சமயத்தில் மோட்டார் ஓடத் தொடங்கினால் டிரான்ஸ்ஃபார்மர் தாங்குமா? ஃபியூஸ் போகும், பிறகு எல்லோருக்கும் இருட்டு. ஒருவர் ஒரு நிமிடம், அடுத்தவர் இரண்டு நிமிடம் என்று ஆன் டிலேயைத் தள்ளித் தள்ளி வைத்தால் பிரச்சினையே இல்லை. இதைத் தோட்டக்காரர்கள் கூடிப் பேசினால்தான் முடியும், டைமர் தானாகப் பேசிக்கொள்ளாது.

இன்னொரு விசித்திரமான டைமர் உண்டு. அதற்கு வாட்ச்டாக் என்று பெயர். மற்ற டைமர்கள் நேரம் முடிவதற்காகக் காத்திருக்கும். இது நேரம் முடியவே கூடாது என்பதற்காக இருப்பது. பாட்டி கதை சொல்லும்போது நாம் 'உம்' கொட்டிக்கொண்டே இருக்கவேண்டும் அல்லவா? 'உம்' நின்றுவிட்டால் பேரன் தூங்கிவிட்டான் என்று பாட்டி தட்டி எழுப்புவாள். புரோகிராம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்வரை அவ்வப்போது வாட்ச்டாக்குக்கு 'உம்' சொல்லி அதைப் பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டே இருக்கும். எங்காவது சிக்கிக்கொண்டு 'உம்' சொல்லவில்லையென்றால், நேரம் முடிந்து, வாட்ச்டாக் கன்ட்ரோலரையே ரீசெட் செய்து எழுப்பிவிடும்.

இனி, நான் இந்தக் கட்டுரை எழுத முக்கியக் காரணமான ஸ்டார்-டெல்டா டைமருக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியது நான் மட்டும்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான். ஆனால் கைப்பிடி வைத்த பழைய ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் அவரைப் போல மோட்டார் எடுக்க எனக்கு இன்றும் வராது. கைப்பிடியை ஸ்டாரில் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தலையைச் சாய்த்துக் கேட்பார். முதலில் உறுமல், பிறகு சத்தம் மேலே ஏறும், ஏறி ஓரிடத்தில் சீராகும். அந்த இடத்தில் டக்கென்று டெல்டாவுக்கு மாற்றுவார். "எலே, சத்தம் மாறுனப் பொறவு தள்ளுல, அவசரப்படாத" என்பதுதான் எனக்குச் சொன்ன பாடம். ஒருநாள் ஐந்து விநாடியில் மாறும், ஒருநாள் பத்து விநாடி ஆகும். அவர் விநாடியை எண்ணியதே இல்லை.

அவர் கேட்டது என்ன என்பது எனக்கு இரண்டாம் ஆண்டில்தான் புரிந்தது. பத்துக் குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 14 ஆம்பியர். நேரடியாக லைனில் போட்டால் தொடக்கத்தில் அதைப்போல் ஆறு மடங்கு, 80 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஸ்டாரில் இணைத்தால் ஒவ்வொரு வைண்டிங்குக்கும் 415-க்குப் பதில் 240 வோல்ட்தான் போகும். லைனில் இழுக்கும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். ஆனால் சுழற்றும் திறனாகிய டார்க்கும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அந்தக் குறைந்த பலத்தோடு மெல்ல மெல்ல வேகம் பிடித்து, முழு வேகத்தை நெருங்கியதும் டெல்டாவுக்கு மாறவேண்டும். சத்தம் சீராவது என்றால் வேகம் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

ஆட்டோமேட்டிக் ஸ்டார்ட்டரில் அப்பாவின் இடத்தில் உட்காருவது டைமர். ஆறு விநாடி என்று வைத்தால் ஆறாவது விநாடியில் ஸ்டார் காண்டாக்டரை விடுவிக்கும். கண் இமைக்கும் இடைவெளி விட்டு டெல்டா காண்டாக்டர் சேரும். (இரண்டும் ஒரே சமயத்தில் சேர்ந்தால் மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆகும்; அதனால்தான் இன்டர்லாக்.) ஒரு விநாடி முன்னே பின்னே போகாது. ஆனால் அது எண்ணுவது விநாடியை மட்டும்தான். மோட்டார் வேகம் பிடித்ததா என்று அதற்குத் தெரியாது. மோட்டாரே அங்கே இல்லாவிட்டாலும் ஆறாவது விநாடியில் டெல்டாவைப் போடும். டைமர் என்ற சொல்லைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்: நேரம் ஆயிற்று என்று அது சொல்லும், காரியம் ஆயிற்று என்று சொல்லாது. நாம்தான் இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்கிறோம்.

எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வாழைத் தோட்டத்தில் நடந்தது. புது ஸ்டார்ட்டர் பெட்டி மாட்டியவர் பகலில், நல்ல வோல்டேஜில் ஓட்டிப் பார்த்து டைமரை வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு அது சரிதான். ஆனால் மோட்டார் ஓடுவது ராத்திரி. சுற்றிலும் எல்லாக் கிணறும் ஓடும்போது 415 இருக்கவேண்டிய இடத்தில் 350-தான் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். டார்க் வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 350-ஐ 415-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.71. ஸ்டாரில் ஏற்கெனவே மூன்றில் ஒன்று, அதில் 0.71 என்றால் கால் பங்கு டார்க்கூட இல்லை. ஆறு விநாடியில் பாதி வேகமாவது வந்திருக்குமா? டைமர் தன் கடமையைச் செய்து டெல்டாவைப் போட்டது. நேரடியாக லைனில் போட்டது போல மோட்டார் கரண்டை இழுக்க, வோல்டேஜ் இன்னும் விழ, வேகம் ஏறாமல் உறுமிக்கொண்டே நின்றிருக்கிறது. அப்போது காப்பாற்ற வேண்டியது ஓவர்லோடு ரிலே. அது அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ அதைத் தாண்டி நேர்க்கம்பி போட்டிருந்தார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் கிணற்றடியில் கேட்பதற்கு ஆள் இல்லை, அதற்காகத்தானே ஆட்டோ. விடிந்து போனால் வைண்டிங் கருகிய வாடை. கயிறு கட்டி மோட்டாரை மேலே ஏற்றி, காயில் கட்டி வாங்கி மறுபடி இறக்குவதற்குள் குலை தள்ளுகிற பருவத்து வாழை தண்ணீர் இல்லாமல் நின்றது. வைண்டிங் செலவைவிட அதுதான் அவர்களுக்குப் பெரிய அடி.

பெரிய இடங்களில் இந்தக் குறையை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதற்கு நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. நம்மூரிலிருந்து தெரிகிற மகேந்திரகிரி மலையடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் ராக்கெட் என்ஜின்களைச் சோதிக்கிறது. 2022 ஜனவரி 12 அன்று ககன்யானுக்கான கிரையோஜெனிக் என்ஜினை 720 விநாடி எரித்துப் பார்த்தார்கள். விகாஸ் என்ஜின்களின் சோதனையும் இங்கேதான். இந்த விகாஸ் என்ஜின்களை நாலு பக்கமும் கட்டிய முதல் ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் 2001 மார்ச் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் புறப்படத் தயாராக நின்றது. கவுண்ட் டவுன் என்பதும் டைமர்தான், தலைகீழாக எண்ணுவது. பக்கத்து நாலு என்ஜினும் முதலில் எரியவேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் சில விநாடி கழித்து நடுவில் உள்ள திட எரிபொருள் மோட்டார் எரியும். திட எரிபொருளைப் பற்றவைத்துவிட்டால் அணைக்க முடியாது, போனது போனதுதான். அன்று நாலில் ஒன்று போதிய உந்துவிசை தரவில்லை. புறப்பட ஒரு விநாடி இருக்கும்போது தானியங்கி அமைப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது. விநாடி எண்ணுவதோடு அது நிற்கவில்லை; எண்ணும்போதே "என்ஜின் வேலை செய்கிறதா?" என்றும் கேட்டுக்கொண்டிருந்தது. ராக்கெட் தப்பியது, சரிசெய்து, 2001 ஏப்ரல் 18 அன்று பறந்தது.

நம் தோட்டத்துக்கு அவ்வளவு பெரிய அமைப்பெல்லாம் வேண்டாம். நாம் லீவுக்கு ஊருக்குப் போனால் "எல்லே, கரண்டுக்குத்தான படிக்க, இந்தப் பெட்டியக் கொஞ்சம் பாரு" என்று யாராவது கூப்பிடத்தான் செய்வார்கள். போகும்போது ஒரு டாங் டெஸ்டர் எடுத்துக்கொண்டு போங்கள். லைன் கம்பி ஒன்றை மட்டும் அதன் வாய்க்குள் விட்டு, மோட்டாரைப் போட்டு, கையில் வாட்சோடு முள்ளைக் கவனியுங்கள். ஸ்டாரில் முதலில் உயர்ந்து நிற்கும் கரண்ட், வேகம் பிடித்ததும் சடாரென்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அப்பா காதால் கேட்டதை இங்கே கண்ணால் பார்க்கலாம். அது இறங்க எத்தனை விநாடி ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பகலில் செய்தால் மட்டும் போதாது. எல்லாக் கிணறும் ஓடுகிற ராத்திரி நேரத்தில், வோல்டேஜ் மோசமாக இருக்கும்போது செய்யவேண்டும். அந்த நேரத்தோடு ஒரு விநாடி சேர்த்து டைமரை வையுங்கள். எதற்கும் இருக்கட்டும் என்று இருபது முப்பது வைத்துவிடாதீர்கள். ஸ்டாரிலேயே முழு லோடை இழுத்து ஓடினாலும் வைண்டிங் சூடாகும். எவ்வளவு வைத்தாலும் கரண்ட் இறங்கவே இல்லையென்றால் கோளாறு டைமரில் இல்லை, வோல்டேஜிலோ பம்பிலோ இருக்கிறது. அன்று மோட்டாரை ஓட்டாமல் இருப்பதே லாபம். ஓவர்லோடு ரிலேயில் யாராவது நேர்க்கம்பி போட்டிருந்தால் அதை முதலில் பிடுங்குங்கள், வீட்டுக்காரர் முணுமுணுத்தாலும் பரவாயில்லை.

கடைசியாக டயலில் முள் நிற்கும் இடத்துக்கு நேராக பெயிண்டால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள். அடுத்து வருகிறவன் திருப்பினால் தெரியும்.